மூன்றாவது பெட்டி

கேட்டக்காவை அழிக்க எனக்குச் சரியாக நாற்பது நிமிடம் பிடித்தது. மத்தியானம் இரண்டு மணி, ஸ்டுடியோவில் கூட்டமில்லாத நேரம். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் மட்டும் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்; அவளை என் மனைவி பார்த்துக்கொண்டாள். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதலில் கொடியை எடுத்தேன். அப்புறம் கையை. அப்புறம் தொப்பி, தோள், மடிப்புக் கலையாத நீலச் சட்டை, கடைசியாகக் கறுப்பு ஷூ. ஒவ்வொன்றும் போன இடத்தில் பக்கத்திலிருந்த புல்லையும் ஜல்லியையும் கொண்டுவந்து நிரப்பினேன். என்னை மாதிரி ஆளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையே இல்லை. கல்யாணப் படத்திலிருந்து, சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவை எடுத்திருக்கிறேன். குடும்பப் படத்திலிருந்து, விட்டுப் போன மாப்பிள்ளையை எடுத்திருக்கிறேன். மாமியார் தோளில் அவர் வைத்திருந்த கையை எடுக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன். இதுவரை ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை.

ஆனால் ரயில் படத்தில் கை வைக்க மாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும். தெரியும்படி நானே தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். ரயில் பைத்தியங்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து செல்போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். கல்யாண நாள் மறந்துபோகும், என்ஜின் நம்பர் மறக்காது, அப்படிப்பட்ட ஆட்கள். அதில் என் பட்டப்பெயர் நீதிபதி. யார் என்ன படம் போட்டாலும் நான் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். குழுவின் முதல் விதியை எழுதியதும் நான்தான்: எடுத்தது எடுத்தபடி, எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் நீக்கக் கூடாது. போன வருஷம் ஒரு பேக்கரிக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் கேமரா வாங்கி ஆசை ஆசையாகப் படம் எடுக்கிறவர், என்ஜினின் முகத்துக்குக் குறுக்கே தொங்கிய ஒரு கம்பியை நீக்கிவிட்டுப் படம் போட்டார். நான் விடுவேனா? கம்பி இருந்த இடத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். அன்றிலிருந்து அவர் பெயர் கம்பி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் குழுவை விட்டுப் போய்விட்டார். நேர்மையில்லாதவர்கள் போவதே நல்லது என்று எழுதினேன். முப்பது பேர் கைதட்டினார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வேயின் பெரிய அதிகாரிகள் தங்களுக்கென்று இருக்கும் ஸ்பெஷல் வண்டியில் ஏறிப் பாதையைப் பார்வையிட வருவார்கள். ஆறே பெட்டி. கடைசிப் பெட்டியின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பின்னால் ஓடுகிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அந்த வண்டியின் நேரம் எந்த அட்டவணையிலும் இருக்காது. இருந்தாலும் எங்களுக்கு மோப்பம் பிடித்துவிடும். பாதையோரத்துக் கல்லுக்கெல்லாம் புதுவெள்ளை அடிக்கிறார்களா, புதர் வெட்டுகிறார்களா, ஜல்லியைக் கோடு போட்ட மாதிரி ஒதுக்குகிறார்களா, அப்படியானால் பத்து நாளில் பெரியவர்கள் வருகிறார்கள். இந்த முறை இன்னொரு விசேஷமும் இருந்தது. மூன்றாவது பெட்டியின் பக்கவாட்டில் தங்க நிறத்தில் புதிதாக ஒரு சின்னம் வரைந்திருந்தார்கள். நல்ல வெளிச்சத்தில் அதை யாரும் இன்னும் படம் எடுக்கவில்லை. முதலில் எடுக்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் தவித்தேன். இப்போது எழுதும்போது என்ன ஒரு அற்ப ஆசை என்று தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

என் கூட்டாளியின் பெயர் ஹாரன். மருந்துக்கடை வைத்திருக்கிறான். சத்தத்தைக் கேட்டே இது இன்ன என்ஜின் என்று சொல்லிவிடுவான், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு நானும் அவனும் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். வண்டி வந்தது. அதே நேரம் பார்த்து எதிர்ப்பாதையில் ஒரு சரக்கு வண்டி வந்து முழுசாக மறைத்துக்கொண்டு போனது. ஐம்பத்தெட்டு வேகன். ஹாரன்தான் எண்ணினான், வேறென்ன செய்ய முடியும். அடுத்த ஸ்டேஷனில் அதிகாரிகள் இறங்கிச் சுற்றிப் பார்ப்பார்கள், இருபது நிமிடமாவது வண்டி நிற்கும். அதற்குள் வாய்க்கால் ரோட்டில் விரட்டிப் போனால் வளைவிலிருக்கும் லெவல் கிராசிங்கைப் பிடித்துவிடலாம். "ஏறுடா, ஏறுடா" என்று அவன் கத்தினான். பள்ளம் மேடு பார்க்காமல் பைக் பறந்தது. கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கேட் கீப்பராக ஒரு பெண், நான் முதலில் சொன்ன கேட்டக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் சுருட்டிய கொடியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அறை ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் போட்டால் நிறைந்துவிடுகிற அளவு. வாசலில் ஒரு நீலத் தண்ணீர் டிரம். சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள், அளந்து வைத்த மாதிரி.

"யாரு தம்பி நீங்க, இப்படி வேர்த்து ஊத்திக்கிட்டு?"

"பெரிய வண்டிய போட்டோ எடுக்க வந்தோம்க்கா."

"எடுங்க, தாராளமா எடுங்க. இந்த வெள்ளைக் கல்லுக்கு உள்ள மட்டும் வந்துராதீங்க. வந்தா நானே விசிலடிச்சு வெரட்டுவேன்." சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பத்து நாளா இந்தக் கல்லு அத்தனைக்கும் நான்தான் வெள்ளை அடிச்சேன். முதுகு கழண்டு போச்சு. அவங்க என்னடான்னா ஒரு நிமிஷத்துல தாண்டிப் போயிருவாங்க."

ஹாரன் சிரித்தான். நான் எங்கே நின்றால் வளைவு முழுசாகக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அப்படியே என்னையும் சேர்த்து எடுப்பீங்களா? பதினாலு வருஷமாக் கொடி காட்டறேன், கொடியோட ஒரு போட்டோ கெடையாது. என் பொண்ணு நம்பவே மாட்டேங்குறா. நீ அங்க சும்மா உக்காந்துட்டுதான வர்றேங்குறா. இன்னிக்கு யூனிஃபார்மெல்லாம் தேய்ச்சுப் போட்டிருக்கேன், பாருங்க."

"கண்டிப்பாக்கா. நம்பர் குடுங்க, அனுப்பிடறேன்."

ஒரு துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி வந்தது. ஆறு பெட்டியும் வளைவில் ஒன்றுவிடாமல் தெரிந்தன. முந்தின நாள் மழையில் வயலில் தேங்கிய தண்ணீரில் அவையெல்லாம் தலைகீழாகவும் ஓடின. மேகம் விலகி வெயில் நேராக மூன்றாவது பெட்டியின் மேல் விழுந்தது. தங்கச் சின்னம் பளீரென்று மின்னிய அந்த ஒரு கணத்தில் நான் அழுத்தினேன். அதே கணத்தில் காற்று அடித்து அக்காவின் கொடி விரிந்து சின்னத்தில் பாதியை மறைத்தது. அடுத்த படத்தில் வெயில் போய்விட்டது. அக்கா கையை நீட்டியபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு, கடைசிப் பெட்டி தாண்டும்வரை அசையாமல் நின்றார். கடைசிப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலிகள் காலியாக இருந்தன. சாப்பாட்டு நேரம். ஒருத்தராவது அங்கே உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நல்லா வந்துச்சா தம்பி?"

"சூப்பரா வந்திருக்குக்கா" என்றேன்.

மறுநாள் மத்தியானம்தான் அந்த நாற்பது நிமிடம். படத்தைக் குழுவில் போட்டதும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வெயில், வளைவு, தண்ணீர், சின்னம், நீதிபதி நீதிபதிதான் என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும், யாரோ ஓய்வு பெற்ற ரயில் கார்டு, ஒரு கேள்வி கேட்டார்: 'கேட்டில் கொடி காட்ட யாருமே இல்லையே, கவனித்தீர்களா?' எனக்குத் திக்கென்றது. கண்டுபிடித்துவிட்டார்களோ? உடனே பதில் போட்டேன்: 'யாரும் நிற்கவில்லை. தூங்கியிருப்பாங்க. படத்துக்கு நல்லதாப் போச்சு.' கூடவே மூன்று சிரிக்கிற முகங்கள். அதற்கும் ஐம்பது பேர் சிரித்தார்கள். தப்பித்தோம் என்று டீ குடிக்கப் போனேன்.

அக்காவுக்குப் படம் அனுப்பவில்லை. எந்தப் படத்தை அனுப்புவது? உண்மைப் படத்தை அனுப்பினால் அது எங்காவது சுற்றி வந்து என் மானத்தை வாங்கிவிடும். அந்தத் துண்டுக் காகிதம் சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போனது. அதையே ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் ரயில்வேக்காரர்களே கேட்டு வாங்கிப் படத்தைத் தங்கள் வருஷக் காலண்டரில் போட்டார்கள். கீழே பொடி எழுத்தில் என் பெயர். ஒரு காலண்டரை ஸ்டுடியோவில், பணம் வாங்குகிற மேஜைக்குப் பின்னால், வருகிறவர்கள் கண்ணில் நேராகப் படும்படி மாட்டினேன். கேட்கிறவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

காலண்டரில் இரண்டு தாள் புரண்ட பிறகு வேறொரு வண்டிக்காக ஹாரனும் நானும் அதே கேட்டுக்குப் போனோம். அக்கா இல்லை. ஒரு தடித்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"முன்னாடி இருந்த அக்கா எங்கங்க?" என்று ஹாரன் கேட்டான்.

"அந்தம்மாவா? சஸ்பெண்டு. பெரிய வண்டிக்கே கொடி காட்டாமத் தூங்கியிருக்கு. காலண்டர்லயே வந்துருச்சே, பாக்கலையா? மேல யாரோ பார்த்துட்டு, வண்டி இருக்கு, கேட் இருக்கு, ஆள் எங்கடான்னு கேட்டிருக்காங்க. டிரைவரைக் கேட்டா, நாப்பது கேட் தாண்டி வந்தோம், யார் நின்னாங்க யார் நிக்கலன்னு யாருக்கு ஞாபகம்ங்கிறார். இந்தம்மா நின்னேன், நின்னேன்னு அழுவுது. போட்டோ பொய் சொல்லுமா?"

ஹாரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அந்தக்கா என் பக்கத்துலதானடா நின்னாங்க?"

"நின்னாங்க. என் ஆங்கிள்ல வரல" என்றேன்.

அன்று வண்டி வந்தபோது அவன் கேமராவை எடுக்கவே இல்லை.

அதற்கப்புறம் பதினோரு நாள். பதினோரு நாளும் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். ஒரு படத்தை வைத்தா வேலையை விட்டு எடுப்பார்கள், நாலு நாள் மிரட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். யூனியன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். நான் போய்ச் சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும், என் பயமெல்லாம் வேறு. கம்பி என்று நான் பெயர் வைத்தேனே, எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதுதான் பயம். ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு தட்டில், என் பட்டப்பெயர் இன்னொரு தட்டில். பதினோரு நாளும் என் பட்டப்பெயர்தான் கனமாக இருந்தது. இதைச் சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பன்னிரண்டாம் நாள் ஹாரன் ஸ்டுடியோவுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காலண்டருக்கு எதிரில் நின்றான்.

"ரயில்வே ஆபீசுக்குப் போயிருந்தேன். என் படத்துல அவங்க விழல, ஆனா அந்தக்கா நின்னாங்க, என் கண்ணால பார்த்தேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"குழுவுல நீ எழுதினதை யாரோ குடுத்து, பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்கடா. சிரிக்கிற மூஞ்சியெல்லாம் சேர்த்து. உங்க ஃப்ரெண்டே யாரும் நிக்கலன்னு எழுதியிருக்காரே, நீங்க என்ன அந்தம்மாவுக்குச் சொந்தமான்னு கேட்டாங்க." காலண்டரைப் பார்த்தபடியே சொன்னான். "வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. நின்னதா ருசு இல்லன்னா வேலைய விட்டே எடுத்துருவாங்களாம்."

நான் மேஜைமேலிருந்த ரசீதுப் புத்தகத்தை நேராக்கி வைத்தேன்.

"நேத்து அந்தக் கேட்டுக்குப் போனேன்" என்றான். "நீ நின்ன எடத்துல போய் நின்னு, அதே லென்ஸ் போட்டுப் பார்த்தேன். அந்தக்கா நின்ன கல்லு தெளிவாத் தெரியுது."

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் உண்மைப் படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டேன். மெஷினிலிருந்து தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் வானம், அப்புறம் என்ஜின், அப்புறம் தொப்பி, அப்புறம் முகம். என் மனைவிதான் அதைக் கையில் வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக என்னோடு இந்த வேலையைச் செய்கிறவள், அவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது கேட்பாள் என்று நின்றேன்.

"கவர்ல போட்டுத் தரட்டுமா?" என்றாள், கடைக்கு வருகிற யாரையோ கேட்கிற மாதிரி.

ரயில்வே ஆபீசில், படத்தோடு வந்திருப்பதாகக் கீழேயே சொல்லி அனுப்பிவிட்டு ஏறினேன். மாடியில் நீளமான நடை. ஒரு பக்கம் கதவுகள், ஒரு பக்கம் பெஞ்சு. பெஞ்சில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கேட்டக்கா இருக்கிறாரா என்று தேடினேன், தெரியவில்லை. யூனிஃபார்ம் இல்லாமல், தொப்பி இல்லாமல், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைத் தாண்டிப் போய்விட்டேன். நாற்பது நிமிடம் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் நான். அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி! அன்னிக்குப் போட்டோ எடுத்த தம்பிதான நீங்க?"

தலையாட்டினேன். அவர் எழுந்தேவிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வந்துட்டீங்களா! நான் இவங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன், ரெண்டு தம்பிங்க வந்தாங்க, அவங்களைக் கேளுங்கன்னு. இவங்க வேற யாரோ எடுத்த போட்டோவ வச்சுக்கிட்டு ஆளில்ல ஆளில்லங்கிறாங்க. அது எந்தப் பக்கத்துல இருந்து எடுத்ததோ, யார் எடுத்ததோ. உங்க போட்டோல நான் இருப்பேன்ல தம்பி? அதைக் காட்டினாப் போதும்."

அவர் என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை. இத்தனை நாளும் எங்கேயோ அவர் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். கவரை நீட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை மெல்ல வெளியே இழுத்தார்.

"அய்யோ" என்றார். அது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "நல்லாத்தான நிக்கிறேன்? கை எவ்ளோ நேரா இருக்கு பாருங்க. என் பொண்ணு பாக்கணும் இதை."

பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் அந்தக் காலண்டர் மாட்டியிருந்தது. ரயில்வே ஆபீஸ், இல்லாமல் இருக்குமா? அவர் யதேச்சையாக நிமிர்ந்தார். பார்வை அங்கே போய் நின்றது. மடியிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி சுவரை. வயல் தண்ணீர், மேகம், நீல டிரம், டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்த சொம்பு. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் கையால் கவிழ்த்து வைத்த சொம்பு. இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது.

"இது ரெண்டும் ஒண்ணா தம்பி?"

"ஒண்ணுதான்க்கா. ரெண்டும் நான் எடுத்ததுதான். அதுல நான்தான் உங்களை... நான்தான் எடுத்துட்டேன். யாரும் நிக்கலன்னு எழுதினதும் நான்தான்."

திட்டுவார், கூட்டத்தைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கண் பெரிசாகத் தெரிந்தது.

"எதுக்குத் தம்பி?"

ஆபீசில் சொல்வதற்கு நாலு விதமாக யோசித்து வைத்திருந்தேன். தொழில் கவனக்குறைவு, தெரியாமல் நேர்ந்த பிழை, எழுதிக்கூட வைத்திருந்தேன். அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. உண்மை மட்டும்தான் இருந்தது. அது அவ்வளவு சின்னதாக இருந்தது.

"உங்க கொடி மூணாவது பெட்டியில இருக்கிற சின்னத்தை மறைச்சுதுக்கா."

அவர் குனிந்து படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிஜமாகவே தேடினார். "எங்க?" என்றார். விரலால் காட்டினேன்.

"கொஞ்சம்தான மறைக்குது" என்றார்.

குழுவில் நான் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்தப் பெஞ்சுக்கு முன்னால் நின்றபோது, நூறு பேர் கூடிச் சிரித்தால்கூடப் பரவாயில்லை, இந்த ஒருவர் இவ்வளவு சாதாரணமாகக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கதவு திறந்தது. பியூன் தலையை நீட்டி, "போட்டோ எடுத்தவர் வந்திருக்காரா? உள்ள கூப்பிடுறாங்க" என்றார். நான்தான் என்று கையைத் தூக்கினேன். "படத்தையும் கொண்டுவரச் சொன்னாங்க" என்றார்.

"குடுங்கக்கா, உள்ள காட்டணும்."

"இருங்க தம்பி."

அவர் படத்தை மடியில் சமமாக வைத்துக்கொண்டார். பெருவிரலைப் படத்தில் தன் உருவத்தின்மேல் வைத்து, தொப்பியும் சட்டையும் கொடியும் தெரியாமல் மறைத்தார். தலையைச் சாய்த்து, அவர் இல்லாத அந்த வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். பியூன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையை நீட்டியபடியே நின்றேன்.

அவர் இன்னொரு தடவை விரலை எடுத்தார்.